ஐந்து மைக்குக்கு ஓர் இரங்கல்

நியூயார்க்கிலிருந்து வெளிவந்த ‘தி சோர்ஸ்’ என்ற ராப் இசை இதழின் விமர்சனப் பக்கத்தில் பிறந்து, ஒரு தலைமுறை ரசிகர்களை விடிய விடியச் சண்டை போட வைத்த ‘ஐந்து மைக்’ என்னும் மதிப்பீடு இன்று நம்மிடையே இல்லை. எப்போது இறந்தது என்பதில்தான் தகராறு. 2005 என்று ஒரு கட்சி. 1994 நவம்பரிலேயே உயிர் பிரிந்துவிட்டது, அதன்பின் பதினோரு ஆண்டுகள் நடமாடியது வெறும் உடம்பு என்று இன்னொரு கட்சி. நான் இரண்டாவது கட்சி. இசை இதழ்களை இணையம்தான் கொன்றது என்று பொத்தாம்பொதுவாகப் பழி போடுகிறார்கள். இந்த வீட்டுக்குள் இணையம் நுழைந்தபோது இங்கே கிடந்தது பிணம்.

அது இன்னதென்று அறியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். புதிதாக வரும் ராப் ஆல்பங்களைக் கேட்டு ‘ரெக்கார்டு ரிப்போர்ட்’ என்ற பகுதியில் எழுதுவார்கள். எழுத்தோடு சின்னச் சின்ன மைக் படங்கள் இருக்கும். மூன்று இருந்தால் பரவாயில்லை என்று பொருள். நாலரை இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு கடைக்கு ஓடலாம். ஐந்து என்பது வேறு சாதி. இனி வருகிறவர்களை இதன் பக்கத்தில் நிறுத்தித்தான் உயரம் பார்ப்பார்கள் என்று பொருள். 1990-ல் எ ட்ரைப் கால்டு குவெஸ்ட் குழுவின் முதல் ஆல்பம் வாங்கியது. அடுத்த ஆண்டு டி லா சோல் வாங்கியது. ட்ரைப்பே மறுபடியும் ‘தி லோ எண்ட் தியரி’க்கு வாங்கியது. பிறகு கை இறுகிவிட்டது. டாக்டர் ட்ரேயின் ‘தி க்ரானிக்’ வந்து அமெரிக்காவின் மேற்குக் கரை முழுவதையும் தன் பக்கம் இழுத்தபோதுகூட நாலரைதான் கொடுத்தார்கள்.

இதழ் பிறந்தது 1988-ல், ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில். டேவிட் மேஸ், ஜான் ஷெக்டர் என்ற இரண்டு மாணவர்கள் கல்லூரி வானொலியில் ராப் நிகழ்ச்சி நடத்திக்கொண்டிருந்தார்கள். அதன் நேயர்களுக்காக அச்சிட்ட ஒற்றைத் தாள்தான் தொடக்கம். இருவருமே வெள்ளைக்காரர்கள். சட்டம் படித்துக்கொண்டிருந்த ஜேம்ஸ் பெர்னார்டு, எட் யங் என்ற கறுப்பின நண்பர்கள் இருவர் கூடச் சேர்ந்தார்கள். 1990-ல் ஜாகை நியூயார்க்குக்கு மாறியது. அன்றைக்கு ராப் எப்படிப் பார்க்கப்பட்டது என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். 1989-ல் என்.டபிள்யூ.ஏ. குழுவின் ஒரு பாட்டைக் கண்டித்து எஃப்.பி.ஐ. அதிகாரி ஒருவர் இசைத்தட்டு நிறுவனத்துக்குக் கடிதம் எழுதினார். 1990-ல் ஃபுளோரிடாவில் ஒரு நீதிபதி டூ லைவ் க்ரூவின் ஆல்பத்தை ஆபாசம் என்று அறிவித்தார். ராப் செய்தியாக வந்தால் அது போலீஸ் செய்தி. இந்தப் பக்கத்தில் மட்டும், மூன்றாவது பாட்டில் டிரம் தொய்கிறது, ஐந்தாவது பாட்டின் இரண்டாம் பகுதியில் எதுகை பிரமாதம் என்று எழுதினார்கள். கேட்டு எழுதினார்கள் என்பதுதான் அதன் பெருமை. மற்றவர்கள் கேட்காமலேயே எழுதிக்கொண்டிருந்தார்கள்.

அதன் பொற்காலத்துக்குச் சாட்சி 1994 ஏப்ரலில் வந்த நாஸின் ‘இல்மேட்டிக்’. இருபது வயதுப் பையன், முதல் ஆல்பம், பத்துத் தடங்கள், நாற்பது நிமிடம். விமர்சனம் எழுதியவர் ‘ஷார்ட்டி’ என்ற பெயரில் எழுதிய மின்யா ஓ. அப்போது அங்கே பயிற்சிக்கு வந்திருந்த இளம்பெண். ஐந்து மைக் போட்டுவிட்டார்கள். அது லேசில் கிடைக்கவில்லை, அலுவலகத்துக்குள் வாக்குவாதம் நடந்தது, ஷெக்டர் அந்த கேசட்டுக்காக வரிந்துகட்டிக்கொண்டு நின்றார் என்பது பிற்பாடு அவர்களே சொன்னது. கடையில் அது உடனே பறந்துவிடவும் இல்லை. ஐந்து லட்சம் பிரதிக்கான தங்கத் தகடு வந்து சேர 1996 ஆனது. விற்பனை எண் வருவதற்கு முன்பே, பெரிய பெயர் இல்லாத ஒரு பெண் காதால் கேட்டுச் சொன்ன தீர்ப்பு முப்பது ஆண்டுகளாக நிற்கிறது. இறந்தவரைப் பற்றி நல்லதாக ஒன்று சொல்லத்தானே வேண்டும்? இதற்கு மேல் நல்லது எனக்குத் தெரியவில்லை.

ஆனால் பிறவியிலேயே ஒரு நோய் இருந்தது. எந்த நிறுவனத்தின் ஆல்பத்துக்கு மைக் போடுகிறார்களோ அதே நிறுவனத்தின் விளம்பரம்தான் பக்கத்துப் பக்கத்தில் வரும். அச்சுக்கூலி அதில்தான் நடக்கும். வெளியீட்டுக்கு முன்னால் கேசட் வராவிட்டால் விமர்சனமே இல்லை. அதைக் கொடுக்கிறவரும் அவர்களே. போதாக்குறைக்கு 1994-லிருந்து சொந்தமாக விருது விழாவும் நடத்தினார்கள். ‘அன்சைன்டு ஹைப்’ என்று ஒரு பத்தி வந்தது. ஒப்பந்தம் கிடைக்காத ராப்பர்கள் அனுப்பும் கேசட்டுகளைக் கேட்டு மாதம் ஒருவரை அறிமுகப்படுத்துவார்கள். 1992 மார்ச்சில் அதில் வந்தவர் புரூக்ளினைச் சேர்ந்த ஒரு பருமனான இளைஞர். பின்னாளில் நொட்டோரியஸ் பி.ஐ.ஜி. என்றும் பிக்கி என்றும் உலகம் அறிந்தவர். பத்தி எழுதிய மேட்டி சி. அந்த கேசட்டை இதழில் எழுதியதோடு விடவில்லை, இசைத் தயாரிப்பாளர் பஃப் டாடியிடமும் சேர்த்தார். ஒப்பந்தம் ஆனது. சில ஆண்டுகளில் மேட்டி சி. தாமே லவுடு ரெக்கார்ட்ஸில் பாடகர்களைத் தேர்ந்தெடுக்கும் வேலைக்குப் போனார். தரகு என்று இதைச் சொல்லலாம். ரசனை என்றும் சொல்லலாம். நெருங்கிப் பழகாமல் அந்த கேசட் கைக்கு வந்திருக்காது. நெருங்கிப் பழகியபின் ‘மோசம்’ என்று எழுத விரல் வராது. எட்டி நின்று எழுதிய பெரிய நாளிதழ்களுக்கு இந்தச் சங்கடமே இல்லை, ஏனென்றால் அவர்களுக்கு எந்த கேசட்டும் முதலில் வரவில்லை.

டீ பார்ன்ஸ் விஷயத்தை இங்கே சொல்லாமல் போனால் இரங்கல் பொய்யாகிவிடும். அவர் ராப்பர், ஃபாக்ஸ் தொலைக்காட்சியில் ‘பம்ப் இட் அப்’ நிகழ்ச்சியைத் தொகுத்தவர். 1990 கடைசியில் என்.டபிள்யூ.ஏ.வைப் பேட்டி கண்டார். அந்தக் குழுவைவிட்டு விலகிய ஐஸ் க்யூப் அவர்களைக் கேலி செய்யும் துண்டு ஒன்றை நிகழ்ச்சித் தயாரிப்பாளர்கள் அந்தப் பேட்டியோடு ஒட்டி ஒளிபரப்பினார்கள். சண்டை மூட்டினால் பார்ப்பவர் கூடுவார்கள் என்பது கணக்கு. பார்ன்ஸ் வேண்டாம் என்றிருக்கிறார், கேட்கவில்லை. 1991 ஜனவரியில் ஹாலிவுட்டில் ஒரு விருந்தில் அந்தக் குழுவின் டாக்டர் ட்ரே பார்ன்ஸைப் பிடித்து அடித்தார். வெட்டி ஒட்டியவர்கள் மேல் ஒரு கீறலும் விழவில்லை. ட்ரே வழக்கை எதிர்த்து வாதாடவில்லை. அபராதம், இரண்டு ஆண்டு நன்னடத்தைக் கண்காணிப்பு, 240 மணி நேரம் சமூகசேவை என்று முடிந்தது. அந்த ஆண்டு ‘ரோலிங் ஸ்டோன்’ இதழ் என்.டபிள்யூ.ஏ.வைப் பற்றி எழுதிய கட்டுரையின் தலைப்பே அடிப்பதை வைத்துச் செய்த சிலேடை. மறு ஆண்டுக் கடைசியில் ‘தி க்ரானிக்’ வந்தது. மேலே சொன்ன நாலரை மைக்கும் வந்தது. ஆல்பத்தின் இசையை எடைபோடும் இடத்தில் பாடியவனின் கை என்ன செய்தது என்று கேட்க வேண்டுமா? வேண்டாம் என்று வாதிடலாம். நானும் பல நாள் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் அடிவாங்கியவர் இதே தொழிலில் இருந்தவர், இதே மைக்கைப் பிடித்தவர். விமர்சனத்தில் கேட்க வேண்டாம் என்றால் இதழின் வேறு ஏதாவது ஒரு பக்கத்திலாவது விடாமல் கேட்டிருக்க வேண்டும். தொலைக்காட்சி வாய்ப்புகள் தமக்கு மூடிப்போனதாக பார்ன்ஸ் 2015-ல், அந்தக் குழுவைப் பற்றிய திரைப்படம் வந்தபோது எழுதினார். படத்தில் அந்தச் சம்பவம் இல்லை. அதன்பிறகுதான் ட்ரே மன்னிப்புக் கேட்டார். ராப் இதழாளர்கள் இருபத்து நான்கு ஆண்டுகள் அவரை எத்தனை அட்டையில் போட்டிருப்பார்கள் என்று எண்ணிப் பார்க்க எனக்கு மனம் வரவில்லை.

இனி மரண நாளுக்கு வருவோம்.

பாஸ்டனில் ‘ஆல்மைட்டி ஆர்.எஸ்.ஓ.’ என்று ஒரு ராப் குழு. அதில் பென்சினோ என்ற ரேமண்ட் ஸ்காட் இருந்தார். மேஸுக்கு ஹார்வர்டு நாட்களிலிருந்தே நண்பர். குழுவின் நிர்வாகத்தையும் மேஸ் கவனித்துக்கொண்டிருந்தார். இதழின் வெளியீட்டாளரே ஒரு ராப் குழுவின் நிர்வாகி. இது ஆசிரியர் குழுவுக்குத் தெரியும், முணுமுணுப்பும் இருந்தது. தங்களைப் பற்றி எழுதச் சொல்லி அந்தக் குழுவினர் மிரட்டினார்கள் என்பது ஆசிரியர்களின் குற்றச்சாட்டு. எழுதும் அளவுக்கு அங்கே ஒன்றும் இல்லை என்று அவர்கள் மறுத்துக்கொண்டே வந்தார்கள். 1994 நவம்பர் இதழைத் தயாரித்து முடித்து அச்சுக்கு அனுப்பினார்கள். அச்சாகி வந்தபோது தாங்கள் பார்க்காத மூன்று பக்கம் உள்ளே இருந்தது. ஆல்மைட்டி ஆர்.எஸ்.ஓ. பற்றிய கட்டுரை. மேஸ் யாரிடமும் சொல்லாமல் செருகியிருந்தார்.

ஜேம்ஸ் பெர்னார்டு இசை உலகில் இருந்த பலருக்கும் ஃபேக்ஸில் கடிதம் அனுப்பி, மேஸ் விலக வேண்டும் என்றார். மேஸ் விலகவில்லை. பெர்னார்டு, ஷெக்டர், இசைப்பகுதி ஆசிரியர் ரெஜினால்டு டென்னிஸ், இன்னும் சிலர் வெளியேறினார்கள். ‘மைண்ட் ஸ்குவாட்’ என்று தங்களை அழைத்துக்கொண்ட அந்தக் கூட்டம் கலைந்தது. இல்மேட்டிக்குக்கு ஐந்து மைக் போட்டு ஏழு மாதம்தான் ஆகியிருந்தது.

மேஸின் பக்கத்தையும் பார்க்கத்தான் வேண்டும். ஆர்.எஸ்.ஓ. குழுவின் ஒரு பாட்டை எதிர்த்து பாஸ்டன் போலீஸ்காரர்களின் சங்கம் கிளம்பியது, குழுவுக்கு இசைத்தட்டு நிறுவனத்தின் ஆதரவு போனது; அந்த நெருக்கடியைப் பக்கத்தில் இருந்து பார்த்தவர் அவர். கூட்டாளியைக் கைவிடாதே என்பது ராப் கற்றுக்கொடுக்கும் முதல் பாடம். வெள்ளைக்காரன் ஒருவன் கறுப்பர் இசையை வைத்துப் பணம் பண்ணிவிட்டு, கூட வந்த கறுப்பு நண்பனை வாசலில் நிறுத்தினான் என்ற பேச்சுக்கும் அவர் இடம் கொடுக்கவில்லை. இதெல்லாம் உண்மை. பணத்தைக் கொடுத்திருக்கலாம், வீட்டை எழுதிவைத்திருக்கலாம். அவர் எடுத்துக் கொடுத்தது மூன்று பக்கம் இதழ். சட்டப்படி அதுவும் அவருடையதுதான், அங்கேதான் சிக்கல். ஐந்து மைக்கின் மதிப்பு முழுவதும், முதலாளி கேட்டாலும் முடியாது என்று சொல்லக்கூடிய நாலு பேர் அந்த அறையில் இருந்தார்கள் என்பதில்தான் இருந்தது. அந்த நாலு பேர் எழுந்து போன மறுநாளும் மைக் படம் அதே அளவில், அதே இடத்தில் அச்சானது. வாசகனுக்கு வித்தியாசம் தெரியவில்லை.

தெரியவில்லை என்பது மட்டுமில்லை, வியாபாரம் பெருகியது. கடைத்தெரு விற்பனையில் ‘ரோலிங் ஸ்டோனை’யே முந்தியது இதற்குப் பிறகுதான். அவுட்காஸ்ட்டின் ‘அக்வெமினை’க்கு 1998-ல் ஐந்து போட்டார்கள், 2001-ல் ஜே-சியின் ‘தி ப்ளூபிரிண்ட்’டுக்குப் போட்டார்கள், இரண்டையும் நான் குறை சொல்ல மாட்டேன். நல்ல காது உள்ளவர்கள் பிறகும் அங்கே வேலை பார்த்தார்கள். ஆனால் 1999-ல் பென்சினோவின் அடுத்த குழுவான மேட் மென் ஆல்பத்துக்கு நாலரை மைக் விழுந்தது. ‘தி க்ரானிக்’குக்கு எவ்வளவோ அவ்வளவு! அந்தச் சமயத்திலும் ஆசிரியர்கள் வெளியேறினார்கள். பென்சினோ இதழின் பங்குதாரர் என்பது பிறகு வெளிப்படையாகவே ஆனது. வெளியேறிய பெர்னார்டும் டென்னிஸும் 1997-ல் ‘எக்ஸ்எக்ஸ்எல்’ என்ற போட்டி இதழைத் தொடங்கிவைத்தார்கள். அங்கே மைக்குக்குப் பதில் சட்டை அளவு: எஸ், எம், எல் என்று ஏறும்.

இதற்கு நடுவே ‘வைப்’ இதழின் கதை ஒன்று, வேறு வகை நோய். 1995 ஜனவரியில் சிறையில் இருந்த ராப்பர் டூபாக் ஷக்கூரை அந்த இதழின் கெவின் பவல் பேட்டி கண்டார். தன்னைச் சுட்ட சம்பவத்தில் யார் யாரைச் சந்தேகிக்கிறேன் என்று டூபாக் கொட்டினார். சில பெயர்களை மாற்றினார்கள், பிக்கி, பஃப் டாடி பெயர்கள் அப்படியே வந்தன. போடாமல் இருந்திருக்க முடியுமா? முடியாது என்றுதான் நினைக்கிறேன். பேசியவர் பேசியதைப் போட்டார்கள், பிறகு மற்றவர்களின் பதிலையும் போட்டார்கள். ஆனால் 1996-ல் கிழக்குக் கரை ராப்பா மேற்குக் கரை ராப்பா என்று அட்டையில் போட்டது பேட்டி இல்லை, கடைச்சரக்கு. அந்தச் செப்டம்பரில் டூபாக் கொல்லப்பட்டார். 1997 மார்ச் 9 அன்று லாஸ் ஏஞ்சலஸில் பிக்கி சுடப்பட்டது, வைப் இதழ் சேர்ந்து நடத்திய விருந்திலிருந்து கிளம்பியபோது.

சோர்ஸுக்குத் திரும்பினால், 2003. எமினெமுக்கும் பென்சினோவுக்கும் பாட்டுச் சண்டை முற்றியிருந்தது. எமினெம் இளவயதில் கறுப்பினப் பெண்களை இழிவாகப் பாடிப் பதிவுசெய்த பழைய நாடாக்கள் சோர்ஸ் கையில் கிடைத்தன. செய்தியாளர்களைக் கூட்டிப் போட்டுக் காட்டினார்கள். இந்த இடம்தான் என்னைக் குடைகிறது. செய்தி உண்மை. எமினெம் தாம் பாடியதுதான் என்று ஒப்புக்கொண்டு மன்னிப்பும் கேட்டார். கறுப்பர் இசையில் உச்சிக்குப் போன ஒரு வெள்ளையரின் பழைய பேச்சு, கறுப்பின வாசகர்களுக்குத் தெரிய வேண்டிய விஷயம்தான். வேறு எந்த ஆசிரியர் கையில் அந்த நாடா கிடைத்திருந்தாலும் அது ஆண்டின் பெரிய கட்டுரை. கிடைத்ததோ எதிராளியின் கையில். எமினெம் பதிப்புரிமை வழக்குப் போட, எவ்வளவு வெளியிடலாம் என்று நீதிமன்றம் கட்டுப்பாடு விதித்தது. எமினெமின் நிறுவனம் விளம்பரத்தை நிறுத்தியது. மக்கள் பேசியது நாடாவில் இருந்ததைப் பற்றி இல்லை, பென்சினோவின் பொறாமையைப் பற்றி. எக்ஸ்எக்ஸ்எல் எமினெம் பக்கம் சாய்ந்து, அவரையும் ட்ரேயையும் 50 சென்ட்டையும் அட்டையில் போட்டு விற்றது. மானம் காக்க வெளியேறியவர்கள் தொடங்கிய இதழ், பகைவனுக்குப் பகைவன் என்ற கணக்கில் கொழுத்தது.

2005-ல் லில் கிம்மின் ‘தி நேக்கட் ட்ரூத்’துக்கு ஐந்து மைக். நீதிமன்றத்தில் பொய்சாட்சி சொன்னதற்காக அவர் சிறைக்குப் போன அதே மாதம் ஆல்பம் வந்தது. பெண் ராப்பர் ஒருவரின் தனி ஆல்பத்துக்கு முதல் ஐந்து மைக். கொண்டாடியிருக்க வேண்டும். ஒருவரும் நம்பவில்லை. ஆல்பம் அதற்குத் தகுதியானதா என்று நிதானமாகக் கேட்கும் வாய்ப்பே அந்தப் பெண்ணுக்குக் கிடைக்கவில்லை. யார் சொல்லிப் போட்டது என்றுதான் கேட்டார்கள். இதழின் முதல் பெண் தலைமை ஆசிரியரான கிம் ஒசோரியோ அந்த ஆண்டு தொடக்கத்திலேயே வேலைநீக்கம் செய்யப்பட்டிருந்தார். அலுவலகத்தில் பெண்களை நடத்திய விதம் குறித்துப் புகார் செய்ததற்குப் பழிவாங்கல் என்று வழக்குத் தொடுத்தார். 2006-ல் ஜூரி அவருக்குச் சாதகமாக 1.55 கோடி டாலர் விதித்தது. அதற்குள் மேஸையும் பென்சினோவையும் இயக்குநர் குழுவே வெளியேற்றியிருந்தது. அடுத்த ஆண்டு இதழ் திவால் நீதிமன்றத்தில். இன்று பெயர் இருக்கிறது, வேறு உரிமையாளர், இணையதளம். அதைப் பற்றி எனக்கு விரோதம் ஒன்றும் இல்லை.

இதழாளனின் கையிலிருந்து டேப் ரிக்கார்டரும் போனது. 2010-ல் இலங்கைத் தமிழ்ப் பெற்றோருக்குப் பிறந்த ராப்பர் எம்.ஐ.ஏ.வைப் பற்றி நியூயார்க் டைம்ஸ் ஞாயிறு இதழில் லின் ஹிர்ஷ்பெர்க் நீண்ட கட்டுரை எழுதினார். எம்.ஐ.ஏ. பேசிய அரசியலையும் அவர் தின்ற ட்ரஃபிள் உருளைக்கிழங்கு வறுவலையும் அடுத்தடுத்து வைத்து, புரட்சி பேசும் பணக்காரி என்று வாசகனை நினைக்கவைத்த கட்டுரை. எம்.ஐ.ஏ. எழுத்தாளரின் தொலைபேசி எண்ணை ட்விட்டரில் போட்டார், அது அநியாயம். கூடவே, தாம் ரகசியமாகப் பதிவுசெய்திருந்த ஒலியையும் வெளியிட்டார். வறுவலைச் சொல்லச் சொன்னவர் எழுத்தாளர்! மேற்கோள்கள் பேசிய வரிசையில் இல்லை என்று டைம்ஸ் குறிப்பு வெளியிட வேண்டியதாயிற்று. எம்.ஐ.ஏ. பக்கம் நியாயம் இருந்தது. ஆனால் அந்த வழியில் போய்ச் சேர்ந்த இடம் என்ன? இன்றைக்குப் பெரிய ராப்பர் எவரும் இதழாளரிடம் உட்கார்ந்து பேச வேண்டிய கட்டாயம் இல்லை. தன் அலைபேசி, தன் நேரலை, தன் கேள்வி, தன் பதில்.

பிழைத்திருக்கும் உறவினர்கள்: தசமப் புள்ளியில் மார்க் போடும் பிட்ச்ஃபோர்க், 2024-ல் ஜி.க்யூ. என்ற ஆண்கள் இதழோடு இணைக்கப்பட்டது. யூடியூபில் தனி ஆளாக உட்கார்ந்து பத்துக்கு இத்தனை என்று சொல்லும் விமர்சகர்கள். பாட்டை முதல்முறை கேட்கும் முகத்தைக் காட்டியே சம்பாதிக்கும் நேரலைக்காரர்கள். இவர்களில் நேர்மையானவர்கள் உண்டு, நல்ல காது உள்ளவர்கள் உண்டு. ஆனால் தனி ஆள் நடத்தும் கடையில் கோபித்துக்கொண்டு வெளியேற ஆசிரியர் குழு கிடையாது. அவர் பணம் வாங்கினாரா என்பது அவருக்கும் கொடுத்தவருக்கும் மட்டும் தெரியும்.

2024 மே மாதம் ராப்பர்கள் கென்ட்ரிக் லமாரும் டிரேக்கும் சில நாட்களுக்குள் ஒருவர்மேல் ஒருவர் பாட்டாக வீசிக்கொண்டார்கள். பெண்ணை அடித்தான், சிறுமிகளைத் தேடுகிறான், மறைத்துவைத்த பிள்ளை இருக்கிறது என்று குற்றச்சாட்டுகள் எதுகையோடு வந்து விழுந்தன. நேரலைக்காரர்கள் நாற்காலியிலிருந்து துள்ளினார்கள். டிரேக்கின் டொராண்டோ வீட்டு வாசலில் ஒரு காவலாளி சுடப்பட்டார். கென்ட்ரிக்கின் ‘நாட் லைக் அஸ்’ அடுத்த ஆண்டு ஐந்து கிராமி விருதுகளை அள்ளியது. டிரேக் அந்தப் பாட்டுக்காகத் தம் சொந்த இசை நிறுவனத்தின் மேலேயே அவதூறு வழக்குப் போட்டார். 2025 அக்டோபரில் நியூயார்க் கூட்டாட்சி நீதிமன்றம் அதைத் தள்ளுபடி செய்தது. இப்படி ஒரு பாட்டுச் சண்டையில் சொல்வதை நியாயமான கேட்பவர் யாரும் சரிபார்த்த தகவலாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள் என்றார் நீதிபதி. டிரேக் மேல்முறையீடு செய்திருக்கிறார்.